இருபத்தேழு முதுகு

இல்லம்மா, சுகாதார ஆபீஸ்லேர்ந்து நீ எத்தன வாட்டி போன்ல கேட்டாலும், பேரு தெரியாதுன்னா தெரியாதுதான். மறைக்கல. நான் குளியல்கூடத்துல அழுக்குத் தேய்க்கிறவ. எங்கிட்ட வர்றவங்க துணியோட சேத்து பேரையும் லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் உள்ள வருவாங்க. வந்து குப்புறப் படுப்பாங்க. நான் முதுகைப் பாப்பேன். இருபத்தாறு வருஷமா அதத்தான் பாக்குறேன். இந்த ஊருல பாதிப் பொம்பளைங்க முதுகு எனக்கு மனப்பாடம். அவங்களே தெருவுல எதிர்ல வந்து குனிஞ்சு கும்பிட்டாங்கன்னா, யாருடா இதுன்னு முழிப்பேன்.

உனக்கு என்ன வயசு மொதல்ல? முப்பத்தொண்ணா. அப்ப மேடம் கீடம்லாம் வேணாம், ஏம்மான்னே கூப்பிடுறேன். என் பேருதான் எழுதிட்டியே. மா போக்சூன், அம்பத்தெட்டு. இனிமே அந்தப் பேரு யாருக்கு வேணும்? இருபத்துமூணாம் நம்பர். காலைல ஆஸ்பத்திரியில கையில மாட்டிவிட்டாங்க. குளியல்கூடத்துலயும் லாக்கர் சாவிய நம்பரோட கையிலதான் மாட்டுவோம். பெரிய வித்தியாசமில்ல.

சரி, எழுதிக்கோ. வியாழக்கிழமை பதினோரு பேரு. மொத ஆளு, முதுகுல கிண்ணம் வச்சு ரத்தம் இழுத்த வட்டத் தழும்பு, ரெண்டு வரிசை, ஆறு. ரெண்டாவது, திருப்பிப் போட்டா வயித்துல பித்தப்பை எடுத்த தழும்பு. சிரிக்காத. நீ பேரு கேட்ட, எங்கிட்ட இருக்குறது இதுதான். மூணாவது, மலையேறப் போறவ. கழுத்து கறுத்துப் போயி, தோள்ல பை வாரு பட்ட கோடு ரெண்டு பக்கமும். ஆமா, அவளேதான். அவளுக்கு வைரஸ் வந்துருச்சுன்னுதானே திங்கக்கிழமை எங்களையெல்லாம் வரச்சொல்லி மூக்குல குச்சி விட்டீங்க. அன்னிக்கு அவ இருமிக்கிட்டேதான் படுத்தா. என்னம்மா இருமலான்னு கேட்டேன், மூக்குல தண்ணி போயிருச்சுங்கிறா. பொய்யி. அழுக்குப் போனா அசதி போயிரும்னு காய்ச்சலோட வந்து படுத்திருக்கா. எங்க ஊருப் பொம்பளைங்களுக்கு எந்தச் சீக்குக்கும் அதான மருந்து. வெந்நீர்ல ஊறி, தேய்ச்சு விட்டா சரியாயிரும்.

மாஸ்க்கா? அம்மணமா படுத்திருக்கிறவளுக்கு மாஸ்க் மட்டும் எதுக்கும்மா? நான் போட்டேன். மொத ரெண்டு நாளு போட்டேன். ஆவியில நனைஞ்சு, ஈரத்துணியா மூக்குல ஒட்டிக்கிச்சு. மூச்சு முட்டுது. கழட்டித் தொட்டி ஓரத்துல வச்சேன், அதையும் ஒருத்தி எடுத்துட்டுப் போயிட்டா. நனைஞ்ச மாஸ்க்க. நான் மூஞ்சில போட்டிருந்த மாஸ்க்க. மருந்துக் கடைல ரெண்டு மணி நேரம் வரிசைல நின்னு வாங்குனது. த்தூ.

வெள்ளிக்கிழமை ஒம்போது. சொல்றேன், இரு. சிசேரியன் கோடு மேலயும் கீழயும் ரெண்டு. அப்புறம் இடது தோள்ல சிவப்புப் பயறு மாதிரி மச்சம்... இல்ல. அவ இல்ல. அவ போன மாசம் வந்தவ. அதை அடிச்சிரு. அவளப் பத்தி அப்புறம் சொல்றேன்.

அருவருப்பா இருக்காதான்னு கேக்குறியா? அழுக்குல என்னம்மா அருவருப்பு. தோலு சாம்பல் கலர்ல உருண்டு உருண்டு வரும், ஒரு வாளி தண்ணி ஊத்துனா ஓடிரும். எனக்குக் கொமட்டுறது வேற. இன்னிக்குக் காலைல ஆம்புலன்ஸ் வந்துச்சு. குப்பை எந்தக் கெழமை போடணும்னு வீட்டுக்கு வீடு ஒரு ஒலிபெருக்கி வச்சிருக்காங்கல்ல, அதுல குடியிருப்புச் சங்கத் தலைவர் பேசுறாரு. மூணாவது கட்டடம், ஏழாவது மாடி பக்கம் யாரும் போக வேணாமாம், மாடிக்கு மேலயும் கீழயும் ஜன்னலைச் சாத்திக்கணுமாம். பேரு மட்டும் சொல்லலை, பெரிய மனசு. நான் வெளில வர்றேன், எதிர்க் கட்டடத்துல எல்லா பால்கனிலயும் செல்போன்ல படம் புடிக்கிறாங்க. பக்கத்து வீட்டுக்காரி என் கதவுப் பிடி மேல பிளீச்சிங் ஊத்துறா. நான் இன்னும் லிஃப்டுக்குள்ளகூடப் போகல. பதினாலு வருஷமா குளிர்காலம் வந்தா கிம்ச்சி போட அவ வீட்ல நான், என் வீட்ல அவ. எத்தன வாட்டி அவ மசாலாக் கையால முட்டைக்கோசைக் கிள்ளி என் வாயில ஊட்டியிருப்பா. அதே கைதான் பாட்டிலோட நிக்குது.

திட்டலையான்னு கேக்குறியா? திட்டுறதுக்கு எனக்கு வாய் வரல. ஏன் வரலன்னு சொல்றேன்.

சனிக்கிழமையா? ஏழு. சாயங்காலமே முதலாளியம்மா கதவைச் சாத்திட்டா, இனிமே வைரஸ் போற வரைக்கும் லீவுன்னு. ஆமா, சனிக்கிழமை காலைலயே தொண்டை லேசா அரிச்சுச்சு. ஆவியில நிக்கிறவளுக்குத் தொண்டை அரிக்கிறது புதுசா? கண்டுக்கல.

ஞாயித்துக்கெழமை வீட்லதான். அதான் நீயே பாத்துட்டியே. கார்டு எங்கயும் தேய்க்கல, பஸ் ஏறல, செல்போன் நாள் பூரா வீட்லயே இருந்திருக்கு. அப்ப நானும் வீட்லதான் இருந்திருப்பேன். சோறு, முள்ளங்கி சூப்பு, டிவி. மேல கேளு.

அந்த மச்சக்காரிதானே? சொல்றேன். ஒன்பதாம் நம்பர் ஞாபகம் இருக்கா உனக்கு? நீங்கதானே எல்லார் செல்போனுக்கும் அனுப்புனீங்க, பீப்புன்னு அலறிக்கிட்டு. நம்ம ஊரு ஒன்பதாம் நோயாளி, பெண், நாப்பதுகள்ல. திங்கள் நூடுல்ஸ் கடை, செவ்வாய் லாட்ஜ், புதன் லாட்ஜ், வியாழன் லாட்ஜ். தினமும் பதினொண்ணுலேர்ந்து மூணு மணி வரைக்கும் லாட்ஜ். அடேயப்பா, அன்னிக்கு எங்க குளியல்கூடம் இருந்த இருப்பு இருக்கே! வெந்நீர்த் தொட்டிக்குள்ள கழுத்து வரைக்கும் முங்கிக்கிட்டு இதே பேச்சு. பட்டப்பகல்ல யாரோடடி, மூணு நாளும் ஒரே ஆளா, வேற வேற ஆளா, புருஷனுக்குத் தெரியுமா. ஒருத்தி எங்க கூடத்துல விக்கிற சுட்ட முட்டைய உரிச்சுக்கிட்டே சிரிச்சுப் பொரை ஏறி, முதுகுல தட்ட வேண்டியதாப் போச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கிட்ட கூட்டிட்டு வாங்கடி அவளை, நான் அழுக்குத் தேய்க்கிற சொரசொரப்புப் பச்சைத் துணி பத்து போட்டுத் தேய்ச்சாலும் அந்த அழுக்கு போகாதுன்னேன். அவ்ளோ சிரிப்பு. அன்னிக்குப் பூரா ஒவ்வொரு முதுகா அதையே சொல்லிச் சொல்லித் தேய்ச்சேன். நல்லா எடுபட்டுச்சு.

இப்ப எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியும்ல? ரெண்டு கட்டில் போட்ட ரூம்பு. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி செவரைப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தா. நர்ஸ் வந்து கவுனை மாத்துனா. தோள்ல மச்சம். சிவப்புப் பயறு. மாசத்துக்கு ஒரு தடவ வந்து, ஒரு வார்த்த பேசாம படுத்து, போகும்போது ரெண்டு கையாலயும் எனக்கு ஒரு வாழைப்பழப் பால் குடுத்துட்டுப் போறவ. கட்டில்ல தொங்குற அட்டையப் பாத்தேன். ஒம்போது.

மத்தியானம் அவளே பேசுனா. லாட்ஜ்ல என்ன வேலைன்னு நான் கேக்கல, என் மூஞ்சியே கேட்டிருக்கும்போல. மெத்தை விரிப்பு மாத்துறாளாம்மா. ரூம்பு கூட்டுறா. பதினொண்ணுக்கு ஆளுங்க காலி பண்ணுவாங்க, மூணுக்கு அடுத்த ஆளு வரும். அதுக்குள்ள இருபது ரூம்பு. அதை ஒரு வரி போட்டிருக்கலாம்ல நீங்க? வேலை செய்யும் இடம்னு ஒரு வரி? கண்டபடி பேசுனது நீங்கதானேன்னு எங்களத் திட்டுறியா, திட்டு. ஆனா நீங்க போட்டிருந்தாலும் நாங்க வேற ஏதாவது கண்டுபிடிச்சிருப்போம். அது எனக்குத் தெரியும். அவ மகன் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன்னுட்டானாம். குரூப்ல அவ போட்டோ சுத்துதாம். என் குரூப்லயும் சுத்துச்சு. நான் அடுத்த குரூப்புக்குத் தள்ளி விட்டேன்.

நான் யாருன்னு அவளுக்குத் தெரியல. படுத்திருக்கிறவளுக்கு என் மூஞ்சி எங்க தெரியும்? தேய்ச்ச கைதான் தெரியும். என்னை எனக்கே புடிக்கலம்மா. இந்தக் கைய வெட்டிப் போடலாம்போல இருக்கு.

இப்ப அவ தூங்குறா. மெதுவா பேசுறேன்.

நாளைக்கு என்னுது வரும். பீப்பு. இருபத்துமூணாம் நோயாளி, பெண், அம்பதுகள்ல, குளியல்கூடத் தொழிலாளி. காய்ச்சலோட ஊரையே தேய்ச்சவன்னுவாங்க. சொல்லட்டும். அது வரைக்கும் நான் தாங்கிப்பேன். காலைலேர்ந்து அதை நெனச்சு நெனச்சு மனச இறுக்கி வச்சுட்டேன். என்ன சொன்ன? மொத்தக் கணக்கு படிக்கிறியா? படி.

வியாழன் பதினொண்ணு, வெள்ளி ஒம்போது, சனி ஏழு. இருபத்தேழு.

இல்லம்மா. தப்பு. முப்பத்தொண்ணு.

ஞாயித்துக்கெழமை நாலு பேரு.

குளியல்கூடம் இல்ல. அதான் மூடிட்டாங்கன்னேனே. ஆத்துப்பாலத்துக்கு அந்தாண்ட வயசானவங்களை வச்சுப் பாக்குற ஆஸ்பத்திரி இருக்குல்ல, நாலு மாடி, அது. மூணாவது மாடி, முன்னூத்தி நாலு. எங்கம்மா அங்கதான் இருக்கா, ரெண்டு வருஷமா. தெரியும்மா, யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு. மூணு வாரமா அந்தப் போர்டைப் பாத்துட்டுத்தான் திரும்பி வந்தேன். சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணுனா. என் மேல நாத்தம் அடிக்குதுடி போக்சூன், என் பக்கத்துல யாரும் வர மாட்டேங்குறாங்கன்னா. ஆள் பத்தலையாம், ஈரத்துணியால தொடைச்சு விடுறாங்களாம். ஊர் முதுகெல்லாம் தேய்க்கிறவளைப் பெத்தவ, என் மேல நாத்தம் அடிக்குதுங்கிறா. எப்டி இருக்கும் எனக்கு?

நடந்தே போனேன், அம்பது நிமிஷம். செல்போனை வேணும்னேதான் வீட்ல வச்சேன். அங்க வயசானவங்களைப் பாத்துக்கிற பொம்பளை ஒருத்தி, அழுக்குத் துணி எடுத்துட்டுப் போற பின்வாசல் கதவைத் தொறந்து விட்டா. பேரு கேப்ப. சொல்லித்தான் ஆகணும், அவளுக்கும் சோதனை பண்ணணும். ஹ்வாஜா. ஆனா சீனாவுல பொறந்து இங்க பொழைக்க வந்த நம்ம இனத்து ஆளு அவ. சீனாக்காரின்னு சொல்லி எல்லாப் பழியையும் அவ தலைலதான் கட்டுவாங்க, நீ வேணாப் பாரு. அதனால அவளைத் தள்ளிட்டு நான் நுழைஞ்சேன்னு எழுது. எழுதுவியா? நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் போனேன், சத்தியமா. கையெல்லாம் கழுவிட்டுத்தான் கட்டில் பக்கம் போனேன். அம்மா என்னைப் பாத்துட்டுப் பயந்து சுருண்டுட்டா. ஊசி போட வந்திருக்கீங்களா டாக்டர்ங்கிறா. நான்தாம்மா, போக்சூன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குறா. கண்ணை மட்டும் பாத்து அவளுக்கு என்ன தெரியும்?

கழட்டுனேன்.

அப்புறம் சிரிச்சா. சக்கர நாற்காலில குளியலறைக்குத் தள்ளிட்டுப் போயி தேய்ச்சேன். பச்சைத் துணி வேணாம், தோலு கிழிஞ்சிரும். வெறும் கையாலதான். வாய் ஓயாம பேசிக்கிட்டே தேய்ச்சேன், மூஞ்சிக்கு நேரா. திரும்பக் கட்டில்ல கொண்டாந்து விட்டா, அந்த ரூம்புல இருந்த மத்த மூணு பேரும் போர்வைக்குள்ளேர்ந்து கையை வெளிய நீட்டுறாங்க. ஒருத்திக்குப் பேச்சே வராது. அவளும் நீட்டுறா. நான் எப்டிம்மா விட்டுட்டு வர்றது? ஒண்ணொண்ணா கூட்டிட்டுப் போனேன். யாருக்கும் மாஸ்க் இல்ல. எனக்கும் இல்ல. மதியச் சோறு வர்றதுக்குள்ள நாலு பேரும் பளபளன்னு ஆயிட்டாங்க.

இப்ப என்ன, புதன்கெழமை. இன்னியோட மூணு நாள்.

திட்டு. திட்டிக்கோ. ஆனா மொதல்ல இந்த லைனை வச்சிட்டு அங்க போனைப் போடு. அந்த மாடி பூரா யாரு யாரைத் தொட்டாங்களோ தெரியல. ஊரு எங்கிட்ட என்ன கேக்கும்னு காலைலேர்ந்து பயந்து, உங்கிட்ட மலைக்காரி கதையும் பிளீச்சிங் கதையும் சொல்லி ஒரு மணி நேரம் ஓட்டிட்டேன். ஒம்போதாம் நம்பரைப் பத்தி நான் சொன்னது மாதிரி என்னைச் சொல்லுவாங்களேன்னுதான். சொல்லட்டும். இந்த அழுக்கு நெசமாவே பச்சைத் துணிக்குப் போகாது.

பேரா? எங்கம்மா பேரு சோன் இல்பூன், எம்பத்து நாலு. கதவோரக் கட்டில். மத்த மூணு பேரு பேரும் நான் கேக்கலம்மா.

முதுகு சொல்றேன், எழுதிக்கோ. ஜன்னலோரம் படுத்திருக்கிறவளுக்கு இடுப்புக்குக் கீழ படுக்கைப்புண்ணு ரெண்டு, வலது பக்கத்துது பெருசு. நடுக்கட்டில்ல இருக்குறவளுக்குக் கூன், அதுல பழைய தீக்காயம். பேச்சு வராதவளுக்கு முதுகுல ஒண்ணுமே இல்ல. வெறும் எலும்பு, ஒவ்வொரு கண்ணியா எண்ணலாம். அவளை மொதல்ல பாருங்க. அவளால இருமக்கூட முடியாது.