சும்மா இருந்த லெந்து

அதுல உக்காராதம்மா, அந்த பெஞ்சு ஆடும். ஒரு கால் கட்டை. நான் அட்டையை நாலா மடிச்சு அடியில சொருகி வச்சிருப்பேன். இப்பம் எவ பெருக்குதாளோ, அதையும் சேத்துக் குப்பையில போட்டுட்டா. இங்கன வா, என் பக்கத்துல உக்காரு. ஆராதனைக்கு இன்னும் நேரம் கெடக்கு. இந்த ஃபேன்லதான் காத்தும் வரும்.

புதுசா? அதான பாத்தேன். வீட்டுக்காரருக்குக் கஸ்டம்ஸ்ல வேலையா. டாலிகஞ்ச்லருந்தா வாரீங்க? மெட்ரோ, ஆட்டோன்னு மாறி மாறி இந்த வெயில்ல. வாசல்ல ஆட்டோக்காரன்கிட்டச் சில்லறைக்கு நிக்காரா, நிக்கட்டும், கிடர்பூர்ல அது ஒரு பொழப்பு. எங்க வீட்டுக்காரரு இங்க துறைமுகத்துல கிரேன் ஓட்டினவரு. கல்யாணம் கட்டி நாசரேத்துலருந்து நேரா இந்தத் தெருவுக்கு வந்தவ நான். இந்தத் தமிழ்க் கோயில்ல நான் கூட்டாத மூலை கெடையாது. அதை ஏன் கேக்க.

அங்க பாரு. முன்னால உக்காந்து குருத்தோலையைச் சிலுவையா மடிக்காளுவளே அந்தப் பிள்ளையள. மடிக்காளுவளா, கிழிக்காளுவளா? போன்ல வீடியோவை ஓட விட்டுக்கிட்டு. இது நேத்தே முடிஞ்சிருக்கணும். இன்னைக்குக் குருத்தோலை ஞாயிறு, இன்னும் கொஞ்ச நேரத்துல பவனி கெளம்பணும், எல்லார் கையிலயும் ஒண்ணு இருக்கணும். முதல்ல அது குருத்தே இல்ல. முத்தின ஓலை, மடிச்சா ஒடியும். குருத்துன்னா வெண்ணெய் நெறத்துல இருக்கும். நம்ம ஊரு மாதிரி கேட்ட ஒடனே மரத்துல ஏறி வெட்டித் தர இங்க யாரு இருக்கா? பாருய்பூர்லருந்து இளநி கொண்டு வாரானே, அவன்கிட்ட முன்னாலயே சொல்லி வைக்கணும். மாஷிமா, குருத்தை வெட்டினா மரம் செத்துருமேம்பான். இங்க பெங்காலிக்காரங்க எல்லாருக்கும் நான் மாஷிமாதான், சின்னம்மா மாதிரி. நானும் நயமாப் பேசி, விழுற மரம் இருந்தாப் பாருப்பான்னு கெஞ்சி வாங்கிட்டு வருவேன். இவளுவ மார்க்கெட்டுக்குப் போயி கெடச்சதை அள்ளிட்டு வந்திருக்காளுவ.

போய் மடிச்சுக் குடுக்கலாம்தான். கூடாது. எனக்குத் தடை.

சிரிக்காத. தப்பு ஒண்ணும் செய்யல. நம்ம பாஸ்டர் தமிழரசன், அவரு போன வருசம்தான் இங்க வந்தாரு, சின்ன வயசு, லெந்து தொடங்குற புதன்கிழமை என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. அம்மா, ஈஸ்டருக்கு முந்தின இந்த நாப்பது நாளும் ஒவ்வொருத்தரு ஒவ்வொண்ணை விடுதாவ, கறியை விடுதாவ, சீரியலை விடுதாவ, நீங்க கோயில் வேலையை விடுங்கன்னாரு. வெளையாட்டுக்குச் சொல்லுதாருன்னு நெனச்சேன். இல்ல. பெருக்கக் கூடாது, பீடத்துணி துவைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போகக் கூடாது. வாங்க, உக்காருங்க, கேளுங்க, வீட்டுக்குப் போங்க. அவ்வளவுதானாம். அதுதான் எனக்கு உபவாசமாம்.

கறியை விடச் சொன்னா வருசம் பூராவும் விட்டிருப்பேன். இது எந்த ஊரு உபவாசம், நீயே சொல்லு.

மீறலாம்னுதான் பாத்தேன். ஒரு சனிக்கிழமை மெதுவா வந்து தொடப்பத்தை எடுத்தேன். பின்னால வந்து நிக்காரு. கோபப்படல. கையிலருந்து தொடப்பத்தை வாங்கி அவரே பெருக்கினாரு. அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் பாரு, அதுக்கு ரெண்டு ஏச்சு ஏசிருக்கலாம். அதுவும் அவருக்குப் பெருக்கத் தெரியல. குப்பையைக் கதவுக்குப் பின்னால தள்ளிட்டுப் போறாரு.

இன்னைக்கு ஆராதனை முடியட்டும், நேராப் போய்க் கேக்கத்தான் போறேன். இது பெரிய வாரம். வெள்ளிக்கிழமைக்குக் கறுப்புத் துணி, ஈஸ்டருக்கு வெள்ளைத் துணி. பீடத்துக்கு அந்த ரெண்டையும் துவைச்சு விரிக்குத வேலையையாவது எனக்குத் திருப்பித் தாங்க ஐயான்னு. நீயும் கூட வந்து நில்லு. புது ஆளை வச்சுக்கிட்டு முடியாதுன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. அதைக் கேட்டு வாங்காம நான் இன்னைக்கு வீட்டுக்குப் போறதா இல்ல.

அவரு பிரசங்கத்தை இப்பம் கேப்ப. எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில அங்கதான் வந்து நிப்பாரு. கிரியையினால இல்ல, விசுவாசத்தினால. நாம நல்லது செஞ்சு செஞ்சு பரலோகத்துக்கு ஏறிர முடியாது, அது கர்த்தர் சும்மா குடுக்கது, நம்பிக் கையை நீட்டுனாப் போதும். நமக்குத் தெரியாததா? சண்டே ஸ்கூல்ல சட்டை பிடிச்சுச் சொல்லிக் குடுத்ததுதான. பழைய பாஸ்டர்மாரும் இதைத்தான் சொன்னாவ. ஆனா சொல்லி முடிச்சு எறங்கின ஒடனே, யம்மா, நாளைக்குப் பாய் துவைக்க ரெண்டு பேரு வேணுமேம்பாவ. நமக்கும் அது சரியா இருந்துச்சு. இவரு தான் சொல்லுததை அப்படியே நம்புதாரு. அதுதான் கஷ்டம்.

நம்ம நற்கிரியை எல்லாம் கர்த்தர் முன்னால அழுக்குத் துணிதானாம். சொல்லும்போது என்னைப் பாக்காரு. அழுக்குத் துணியைப் பத்தி எனக்கா பாடம் எடுக்க? இத்தனை வருசமா யாரு துவைச்சா? இப்பம் அதை இஸ்திரிக் கடையில குடுத்து வாங்குதாவ. அந்தப் பீடத்துல ஊதாத் துணி, இடது ஓரம் பாரு. இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம். பூச்சாடியை நகத்தி வச்சு மறைச்சிருக்காளுவ. எனக்குத் தெரியாதாக்கும்.

அப்புறம் அந்தக் கள்ளன். கர்த்தர் பக்கத்துல சிலுவையில தொங்கினானே, அவன் கதையை எடுக்காத ஞாயித்துக்கெழம கெடையாது. ஆயுசு பூராவும் களவாண்டவன், கடைசி மூச்சுல என்னையும் நெனச்சுக்கிடும்னு ஒரு வார்த்தை சொன்னான், அன்னைக்கே பரதீசு. அவன் எந்தக் கோயிலைப் பெருக்கினான், யாருக்குக் கஞ்சி குடுத்தான்னு கேக்காரு பாஸ்டர். குடுக்கலதான். ஆனா வாயைத் தொறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாம்லா.

பெருமைக்குச் செய்யுதேன்னு நெனைக்கியா? இல்லன்னு தலையை ஆட்டுத, ஆனா நெனைச்ச. தப்பில்ல, எல்லாரும் அப்படித்தான் நெனைக்காவ. பாஸ்டரம்மாகூட நயமாச் சொல்லிப் பாத்தா, கர்த்தர் உங்களை வேலைக்காக நேசிக்கல அக்கான்னு. எனக்குப் பரலோகத்துல எடம் கெடைக்குமான்னு நான் பயப்படுதேன்னு நெனைச்சுக்கிட்டா போல. எனக்கு என்ன பயம்? நான் நம்புதேன். தாயி வயித்துலருந்தே நம்புதேன்னு வச்சுக்கோ. சில பேருக்குச் சந்தேகம் வரும்பாவ, எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. வீட்டுக்காரரு போனப்பமும் வரல. எனக்குக் குடுக்கத கர்த்தர் சும்மாவே குடுக்கட்டும், வாங்கிக்கிடுதேன், எனக்கென்ன கசக்கா?

இது ஒண்ணுமில்ல. ஒரு கீத்து ஓலை கீழ கெடந்துச்சு, எடுத்தேன். கை சும்மா இருக்க மாட்டேங்கு. நீ அங்கிட்டுப் பாரு.

எங்க மாடியில ஷியாமளா மாமின்னு இருக்காவ. பவானிபூர்ல டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவுக. மகாளயா அன்னைக்குக் காலையில அவுக பையன் வந்துருவான். ரெண்டு பேருமாக் கங்கைக்குப் போவாவ, அந்தப் பையன் தண்ணியில எறங்கி நின்னு எள்ளும் தண்ணியும் விடுவான் அவன் அப்பாவுக்கு. திரும்பி வரும்போது மாமி மொகத்தைப் பாக்கணும். செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சுங்கற நிம்மதி. எனக்குப் பொறாமையா இருக்கும், சொல்லக் கூடாது. அடுத்த தெருவுல ரோமன் கத்தோலிக்கக்காரி ஒருத்தி, செத்துப்போன அவ அண்ணன் பேருக்கு மாசாமாசம் பூசை வைக்கா. நமக்குத்தான் ஒண்ணுங் கெடையாது. போனவங்களுக்காக ஒரு ஜெபம்கூடச் செய்யக் கூடாது, அவங்க காரியம் அவங்களோட முடிஞ்சுதுன்னு சொல்லிருவாவ. பாட்டைப் பாடி, மண்ணைத் தள்ளி, வீட்டுக்கு வந்து குளிச்சிரணும். அதுக்கப்புறம் இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன செய்ய?

ஆமா. மவன். ஒரே மவன்தான். ஆசீர்னு பேரு.

மூணு வருசம் ஆகுது. இங்க எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் பேச்சை எடுக்க மாட்டாவ. நான் பக்கத்துல போனா வெயிலைப் பத்திப் பேசுவாவ. டைமண்ட் ஹார்பர் ரோட்டுல, வண்டியில போனான், துறைமுகத்துலருந்து வந்த கண்டெயினர் லாரி. அழாதம்மா. நான் அழுதேனா, பாரு.

அவன் அடக்கத்துக்கு வந்த கூட்டம் இருக்கே. நம்ம கோயில் ஆளு கொஞ்சம்தான். மார்க்கெட்டுக்காரங்க, தெரு கிளப் பசங்க, மசூதித் தெரு சாயிபுமாரு, ரோடே அடைச்சுப் போச்சு. கிளப்புல ரத்ததானம்னா முதல் கை அவன் கைதான். கொரோனா நேரத்துல சொந்தப் பிள்ளையளே தொடாத பொணத்தை இவன் தூக்கிட்டுப் போயிருக்கான். எங்கிட்டச் சொல்லவே இல்ல. அடக்கத்தன்னைக்கு ஒரு பெங்காலிப் பொம்பள என் காலைப் பிடிச்சு அழுதுக்கிட்டே சொன்னா, எங்க அப்பாவைத் தூக்கிட்டுப் போனவன் உங்க பிள்ளைதான் மாஷிமான்னு. அப்பம்தான் எனக்கே தெரியும். பழைய பாஸ்டர் பிரசங்கத்துல, நம்ம தம்பி கர்த்தருடைய மார்பிலே சாஞ்சிருக்காருன்னாரு. எல்லாரும் ஆமென்னாவ. நானும் சொன்னேன்.

அதுக்கு அடுத்த நாளே வந்து இந்தக் கோயிலைக் கழுவினேன். அதுக்கு முன்னாலயும் வேலை செஞ்சிருக்கேன், ஆனா அதெல்லாம் என் பங்கு. அன்னைக்குலருந்து செய்யுதது அவனுக்கு. ஆஸ்பத்திரிக் கஞ்சி அவனுக்கு, துணி துவைக்கது அவனுக்கு. யாருக்கும் தெரியாது. தெரியாமத்தான் பாஸ்டர் நிப்பாட்டிட்டாரு.

நல்ல பிள்ளைதான, அவனுக்கு நீங்க எதுக்குச் செய்யணும்னு கேக்க. சரியாத்தான் கேக்க.

அவன் போன அன்னைக்கும் குருத்தோலைக்கு முந்தின சனிக்கிழமை. நேத்து மாதிரி. வீட்டுல தரையில ஓலையைப் பரப்பிட்டு நானும் அவனும் மடிச்சோம். காலேஜ் முடிஞ்சதுலருந்து கோயில் பக்கமே எட்டிப் பாக்க மாட்டான், ஆனா வருசா வருசம் மடிக்க மட்டும் வந்து உக்காந்துருவான். அவன் மடிச்சா நுனி எங்க போச்சுன்னு தெரியாது, அவ்வளவு சுத்தம். நான்தான் சும்மா இருக்காமக் கேட்டேன். இவ்வளவு செய்யுதவன் நாளைக்கு ஒரு நாள் வந்தா என்னலன்னேன். தலையைக்கூடத் தூக்கல. எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா, உனக்காகத்தான் மடிக்கேன்னான்.

கையில இருந்த ஓலையைக் கீழ வச்சேன். சும்மா சொன்னேன்னு சொல்லுலன்னேன். சிரிச்சான். உங்கிட்டப் போயிப் பொய் சொல்லவாம்மான்னான். ஓலையை எல்லாம் ஈரத் துணியில சுத்தி வச்சுட்டு, வண்டிச் சாவியை எடுத்துட்டுப் போனான். அதுதான் எங்கிட்டக் கடைசியாப் பேசினது.

ஒரு பொய் சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. அம்மாதான கேக்கா.

மணி அடிச்சாச்சு, எந்திரி. வேலைன்னா அவன் பங்கையும் சேத்து நான் செஞ்சிருவேன், சின்ன வயசுல அவன் வீட்டுப்பாடத்தையே நான் எழுதிக் குடுத்திருக்கேன். வேலை கணக்குல இல்ல, நம்பிக்கைதான் எல்லாம்னு இவரு நிக்காரே, அவனுக்கும் சேத்து நான் நம்ப முடியுமா?

இல்லம்மா, பாஸ்டர்கிட்ட இதைச் சொல்லல. உங்கிட்டத்தான் சொல்லுதேன். அவருகிட்டச் சொன்னா அவரு பதில் சொல்லியாகணும். அவரும் பொய் சொல்லத் தெரியாத ஆளு.

இந்தா, வாராரு. இந்தச் சிலுவையை நீ பிடி, என் கையில பாத்தா வேலை செஞ்சேம்பாரு. ஆராதனை முடிஞ்சதும் நான் துணியை மட்டும்தான் கேக்கப் போறேன். நீ கூட வந்து நில்லு, ஒண்ணும் பேச வேண்டாம்.