கை காட்டி வழி விட்டேன்

என் ரப்பர் பால் லாரியில் இதுவரை ஒரு கோழிகூட அடிபட்டதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். கோழிக்கும் ஹார்ன் அடித்து, அது யோசித்து முடிக்கும்வரை காத்திருப்பவன் நான்.

கோலா பிலா ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வண்டி இல்லையென்றால், முன்னால் போகிற லாரிக்காரன் வலது கையை வெளியே நீட்டி, போகச் சொல்லி அசைப்பான். பின்னால் வருகிறவன் அதை நம்பித் தாண்டுவான். தாண்டும்போது நன்றிக்கு ஒரு கை தூக்குவான். சீனர், மலாய்க்காரர், வெள்ளைக்காரத் துரை எல்லாரும் தூக்குவார்கள். எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி நல்லசாமி மட்டும் தூக்கமாட்டார். கார் வாங்கிய நாளிலிருந்து நடுரோடு அவருக்கு மாமனார் கொடுத்த சீதனம். பால் வெட்டப் போகும் பெண்கள்மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டு, அவர்களைப் பார்த்தே ஹார்ன் அடிப்பார்.

ஒருநாள் மரியாதையாகவே கேட்டேன்.

"கிராணி ஐயா, வழி விட்டா கையையாச்சும் தூக்கலாமே லா."

"பால் லாரிக்காரனுக்கு நான் சலாம் போடணுமா? ரோடு என்ன, உங்கப்பன் போட்டதாடா?"

என் அப்பா போட்டதுதான். அந்த ரோட்டின் மலை வளைவில் கல் உடைத்தே போய்ச் சேர்ந்தார். அதைச் சொல்லிப் பெரிய மனிதரை ஏன் சங்கடப்படுத்துவது என்று விட்டுவிட்டேன். ஆனால் மறக்கவில்லை.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய், வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டபிறகு அந்த வளைவு கெட்ட இடம். அந்தக் காட்டுக்காரர்கள் பதுங்கிச் சுடுவார்கள் என்று ராணுவ லாரிகள் பிரேக்கைத் தொடாமல் நடுரோட்டில் பறக்கும். தோட்டத்தில் குழந்தைக்கும் இது தெரியும். செவ்வாய்க்கிழமை காலை அங்கேதான் நல்லசாமி என் முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார். அவர் கார் தாழ்வு. என் லாரி உயரம். லாலாங் புல்லுக்கு மேலே, எதிரே ராணுவ லாரி வருவது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அதை ஓட்டியவனைப் பிடித்து அடைத்திருக்கிறார்களாம். அது முறையல்ல, ஐயா. மேலே இருப்பவர்கள் சொன்னபடி அவன் ஓட்டினான். இதைச் சொல்லத்தான் சைக்கிள் மிதித்து வந்தேன். கையை நீட்டிப் போகச் சொன்னது நான். சாகட்டும் என்றுதான் சொன்னேன்.

நல்லசாமி அப்போதும் கை தூக்கவில்லை. அவரோடு செத்துப்போன அவர் மனைவி, பஞ்சாலை என்று பெயர், பின்சீட்டில் இருந்தாள். நல்ல பெண். என்னைத் தாண்டும்போது சிரித்துக்கொண்டே கை தூக்கினாள். நானும் பதிலுக்குத் தூக்கினேன். மரியாதை என்று வந்தால் நான் யாருக்கும் குறை வைப்பதில்லை.