நூறு சதவீதத்தைக் கெடுத்தவர்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் விசைத்தறி உரிமையாளர் திரு. பாலகோபால் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பள்ளி மைதானம் நிறையத் திரண்டிருக்கும் பல்லடத்துப் பெற்றோர்களே, வணக்கம்.

பத்து நாட்களுக்கு முன் மறைந்த நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியை பத்மாவதி அம்மையாரைப் புகழ எனக்கென்ன தகுதி? உண்டு. வட்டாரக் கல்வி அலுவலராக இருந்தபோது அவருக்கு மூன்று மெமோ கொடுத்தவன் நான்!

ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எட்டாம் வகுப்பை முடித்தார்கள் என்று ஆண்டுதோறும் பள்ளிகளைக் கேட்போம். எல்லோரும் நூறு சதவீதம் என்று எழுதுவார்கள். நின்றுபோன பிள்ளையைக் ‘குடும்பத்தோடு வெளியூர் சென்றார்’ என்று பதிவது எங்கள் வழக்கம். வெளியூர் சென்றவர்கள் சாயங்காலம் பள்ளிக்கு எதிரிலேயே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஒன்றியம் ஒன்பது ஆண்டுகள் நூறிலேயே நின்றது. அதற்கு மேல் போக இடமில்லை!

அம்மையார் வந்த முதல் ஆண்டே எழுதினார்: சேர்ந்தவர் முப்பத்தொன்று, முடித்தவர் பத்தொன்பது. தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் எல்லோர் முன்னும் அவரை எழுப்பி நிறுத்தினேன்.

“ஏனுங்கம்மா, எல்லாரும் எழுதறாப்புல எழுதிப்போட்டா என்னங்க?”

“எழுதிப்போடலாமுங்க ஐயா. அப்புறம் அந்தப் பன்னெண்டு பேரை ஆரு தேடுவாங்க?”

பதில் தெரியாதவன் என்ன செய்வான்? மெமோ கொடுத்தேன். ‘ஒன்றியத்தின் நூறு சதவீதத்துக்குப் பங்கம் விளைவித்தது ஏன்?’ ஒரே வரியில் விளக்கம் வந்தது: ‘பிள்ளைகள் வராததால்.’

தேடினார் அவர்! திங்கட்கிழமைதோறும், பிள்ளைகள் வேலைக்குப் போன தறிக்கூடங்களுக்குப் போனார். அந்த இரைச்சலில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? மோட்டாரை நிறுத்தும்வரை வாசலிலேயே நிற்பார். நம் தலைவரே ஒருமுறை கெஞ்சினார்: “டீச்சர், தறி நிக்குதுங்க!”

“தறி மறுக்கா ஓடுமுங்க. புள்ளைக்கு எட்டாங்கிளாசு மறுக்கா வருமுங்களா?”

தறி நின்றது. பிள்ளை வந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள்! சென்ற ஆண்டுக் கணக்கில் சேர்ந்தவர் முப்பத்துநான்கு, முடித்தவர் முப்பத்துநான்கு! அதே நூறுதான். ஆனால் எங்கள் நூறில் ஆளில்லை. அவர் நூறில் முப்பத்துநான்கு பேர் இருந்தார்கள். நான் சரிபார்க்கப் போனேன். ஒவ்வொருவராக எழுந்து “உள்ளேன் ஐயா” என்றார்கள். இதைவிட வெற்றி உண்டா?

அவர் பதிவேட்டின் கடைசி வரியைப் படிக்கிறேன்: ‘கயல்விழி, எட்டாம் வகுப்பு, வரவில்லை. திங்கட்கிழமை போக வேண்டும்.’ அந்தத் திங்களுக்குள் அவர் போய்விட்டார். தாய் சின்னத்தாயிக்குக் கை முறிந்ததால், அவருக்குப் பதிலாகக் கயல்விழி தறிக்கூடத்தில் நூலைக் கட்டையில் ஏற்றித் தார் சுற்றுகிறாள். யாருடைய கூடம் என்று இந்த மேடையில் சொல்வது முறையாகாது. தலைவருக்குத் தெரியும்.

நாளை திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அந்த வாசலில் நான் நிற்பேன். இது என் உறுதிமொழி. தார் யார் சுற்றுவது என்பீர்கள். நான் ஓய்வுபெற்றவன், வேறு வேலையில்லை. சின்னத்தாயி கை கூடும்வரை நான் சுற்றுகிறேன், சொல்லித் தரட்டும்.

என்னங்க தலைவரே? “நீங்க வர வேண்டாமுங்க, நானே கூட்டியாரேன்” என்கிறீர்களா? அம்மையார் இருந்திருந்தால் உங்களைக் கும்பிட்டிருப்பார். கும்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு வாசலில் நின்றிருப்பார். நானும் வருவேன்.

மௌன அஞ்சலியை இங்கே செலுத்த வேண்டாம். நாளை ஒன்பது மணிக்கு மோட்டாரை நிறுத்துங்கள். அந்த மௌனம் அவருக்குப் போதும்.