கழுத்து நுழையாத ஸ்வெட்டர்

இதுக்கு மேல நான் வேத வசனம் சொன்னா பின்வரிசை தூங்கிடும். அதனால ஒரு சின்னக் கதை சொல்றேன். கேட்டுட்டு, இதுல வர்ற மெர்லின் செஞ்சது நம்ம வீட்டுல நடக்குமா நடக்காதான்னு நீங்களே சொல்லுங்க.

கோத்தகிரியில் ஒரு வீடு. அண்ணன் தம்பி இருவரும் ஒரே கூரைக்குக் கீழே. மூத்த மருமகள் ஹெப்சி. அவள் பிள்ளைகள் வளர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள். இளையவள் மெர்லின். அவள் இடுப்பில் ஒரு வயசுப் பையன்... எப்போதும் இடுப்பில்தான். இறக்கிவிட்டால் அழுவான். தூக்கினால் முடியைப் பிடித்து இழுப்பான்.

டிசம்பர் மாசம். மத்தியானமே மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்துவிடும், வெளியே தலைகாட்ட முடியாது. சாப்பிட்டு முடித்ததும் ஹெப்சி தன் அறைக்குப் போவாள். கதவைச் சாத்துவாள். அவ்வளவுதான்... உள்ளே ரேடியோ மெதுவாகப் பாடும். ஊசியோடு ஊசி உரசும் சத்தம் கேட்கும். தன் வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் மெர்லின். மடியில் பையன், அடுப்பில் கஞ்சி, கொடியில் மூணு நாளாகக் காயாத துணி. அந்த ஊசிச் சத்தம் அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க. அவளுக்கு ஸ்வெட்டர் மேல் பொறாமை இல்லை. ரேடியோ மேல் பொறாமை இல்லை. அந்தச் சாத்தின கதவு மேல் பொறாமை.

இது போதாதென்று அவள் புருஷன் ஜோயல், டீயை ஊதிக்கொண்டே, "அண்ணிக்கு என்ன ஒரு பொறுமை" என்றான். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். அவனுக்குத் தூக்கம் வந்தது. இவளுக்கு?

மெர்லின் முடிவு பண்ணிவிட்டாள். கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு என் புருஷன் நான் பின்னின ஸ்வெட்டரில் கோயிலுக்கு வரணும். அதைப் பார்த்து அவர் வாயால் அதே வார்த்தையை எனக்குச் சொல்லணும்.

கல்லூரி ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட பின்னல்தான். அளவு எடுக்கத் தெரியாது. ஹெப்சி குளிக்கப் போன நேரம் அறைக்குள் நுழைந்து, கட்டிலில் கிடந்த ஸ்வெட்டரில் எத்தனை கண்ணி என்று எண்ணிக்கொண்டு வந்தாள். அதே கடை, அதே மெரூன் உல்லன், அதே நம்பர் ஊசி. அண்ணன் தம்பிக்கு ஒரே உடம்பு, சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறவர்கள். அப்புறம் என்ன, கணக்கு சரிதானே?

சரி என்றுதான் அவளும் நினைத்தாள்.

பையன் கண்ணயர்கிற நேரமெல்லாம் பின்னினாள். காது சுவரில் இருக்கும், கை நூலில் இருக்கும். அந்தப் பக்கம் ரேடியோவைக் கேட்டு ஹெப்சி சிரிப்பாள். இந்தப் பக்கம் இவள், "உங்களுக்கென்ன... மகாராணி" என்று நூலை ஒரு இழு இழுப்பாள். ஒரு கண்ணி, ஒரு இழுப்பு. ஒரு பெருமூச்சு, ஒரு இழுப்பு.

நடுவில் ஹெப்சிக்குக் காய்ச்சல் வந்தது. கதவு திறந்தே கிடந்தது. மெர்லின் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கட்டில் கால்மாட்டிலேயே உட்கார்ந்து பின்னினாள். பையன் பெரியம்மாவின் போர்வையில் விளையாடினான். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை... நல்லா இருந்தது. காய்ச்சல் விட்டது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது. "ம்... வேலை முடிஞ்சுதுல்ல" என்று கழுத்துப் பகுதியை இவள் பின்னின வேகம் இருக்கிறதே, கர்த்தருக்குத்தான் தெரியும்.

கிறிஸ்துமஸ் காலை. வெளியே கும்மிருட்டு, குளிர் எலும்பைத் தொடுகிறது. மாமனார் உட்பட எல்லாரும் கூடத்தில் நிற்கிறார்கள். ஹெப்சியின் ஸ்வெட்டரை அவள் வீட்டுக்காரர் போட்டார், அளவெடுத்தது போல உட்கார்ந்தது. மெர்லின் தன்னுடையதை நீட்டினாள். ஜோயல் கையை நுழைத்தான்... தலையை நுழைத்தான்... தலை வெளியே வரவில்லை. இரண்டு கையும் மேலே, முகம் உள்ளே. உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது: "மெர்லின்... இது எனக்குத்தானா, இல்ல பையனுக்கா?"

சிரிக்கிறீங்க. அந்த வீட்டிலும் சிரித்தார்கள். உருவி எடுத்து விரித்துப் பார்த்தால் கீழே ஒடுக்கம், மேலே ஒடுக்கம், நடுவில் மட்டும் அகலம். வருகிற வருஷத்துத் தொப்பைக்கு இப்பவே இடம் விட்டிருக்கிறாள் என்றார் மாமனார்.

மெர்லின் சிரிக்கவில்லை. அந்த நடுப்பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது எப்போது பின்னினது என்று அவளுக்குத் தெரியும்... அதே கைதான், அதே நூல்தான். அந்தக் காய்ச்சல் நாட்களில் மட்டும் அவள் நூலை இழுக்கவில்லை.

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "அக்கா, உங்க கதவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியுது."

ஹெப்சி என்ன சொன்னாள் தெரியுமா? "இதைச் சொல்றதுக்கு ஒரு ஸ்வெட்டர் வேணுமாடி? போன குளிர்ல கொஞ்ச நேரம் வச்சுக்கிறேன்னு பிள்ளையைக் கேட்டு வாங்கினேன். சளி பிடிக்கும்னு கையிலேர்ந்து பிடுங்கிட்டுப் போனியே. அதுக்கப்புறம் எப்படிக் கேப்பேன்?"

மெர்லினுக்கு அது ஞாபகமே இல்லை. பயத்தில் செய்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அன்று மத்தியானம் பையன் ஹெப்சி இடுப்பில். மெர்லின் அந்த அறைக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு. பனியைப் பார்த்தபடி ஸ்வெட்டரைக் கழுத்திலிருந்து பிரித்தாள். நடு நடுவே நிறுத்தி, பையன் அழுகிறானா என்று காது கொடுத்தாள். அழவில்லை. அதிலும் அவளுக்குக் கொஞ்சம் பொறாமைதான்... என்ன செய்ய?

அம்மாமாரே, அக்கா தங்கச்சிமாரே, பொறாமையே படாதீங்கன்னு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் பிள்ளையை அம்மாகிட்ட விட்டுட்டு வந்து, பேச்சுக்கு நடுவுல ரெண்டு தடவை போனைப் பார்த்தவ நான். ஒண்ணுதான் கேட்கிறேன். அடுத்த வீட்டு அமைதியைப் பார்த்து உங்க கை இறுகுதா? ஊசியைக் கீழே வைங்க. எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டுங்க. "எனக்கும் கொஞ்ச நேரம் வேணும்"னு வாய்விட்டுக் கேளுங்க. கேட்டா வெட்கம் ஒரு நிமிஷம். கேட்காம மனசுல இறுக்கி இறுக்கி எதைப் பின்னினாலும்... நம்ம வீட்டுக்காரர் தலைகூட அதுல நுழையாது.