நின்னு நின்னு நகர்ற பலகை

அந்த டக்கு டக்குச் சத்தம் எங்க வீட்டுலேர்ந்துதான் வருது, நான் இல்லன்னு சொல்லவே இல்லையே... மாடிக்குக் குடிவந்து நாலு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள புகார் சொல்ல எறங்கி வந்துட்டீங்க. பரவால்ல, உள்ள வாங்க, கண்ணால பாத்துட்டே போங்க. இந்தச் சாப்பாட்டு மேசைதான். நடுவுல வட்டப்பலகை, அதுமேல மீன் பாத்திரம். எங்க வீட்டுக்காரரு பாட்டில் ரொப்புற ஃபேக்டரியில ஃபிட்டரு. அங்க கழிச்சுப்போட்ட சக்கரத்தைக் கொண்டாந்து மாட்டினாரு. அடியில மோட்டரு நிக்காம சுத்தும், பலகை நின்னு நின்னுதான் நகரும். எப்படின்னா, மோட்டரு சக்கரத்துல ஒரு முளை இருக்கு. அது சுத்துக்கு ஒருவாட்டி மேல்சக்கரத்துல வெட்டியிருக்குற காடியில பூந்து டக்குன்னு ஒரு தள்ளு தள்ளிட்டு வெளிய வந்துடும். மறுபடி அது வர்ற வரைக்கும் பலகை அசையாது. அஞ்சு காடி, வீட்டுல அஞ்சு பேரு.

எதுக்கு இந்தக் கூத்துன்னு கேப்பீங்க. எல்லாம் எங்க ஓரகத்தியாலதான். பாத்திரம் அவ கைக்குப் போனா திரும்பி வராது... நடுத்துண்டு பூரா அவ புருஷன் தட்டுல. நான் அதைச் சொல்ல, அவ ஒண்ணு சொல்ல, தெனம் சண்டை. இவரு பாத்தாரு, மேசையே பங்கு வைக்கட்டும்னுட்டாரு. ஒவ்வொருத்தர் முன்னாடியும் பத்து எண்ணுற வரைக்கும் நிக்கும். ஒரு மாசம் வீடு கப்சிப்.

அப்புறம்? அப்புறம் என்ன... பத்து எண்ணுறதுக்குள்ள அவ மூணு துண்டு எடுத்தா. மோட்டரை வேகமா ஓடவைங்கன்னு இவரை அரிச்செடுத்தேன். "அம்மாவுக்குக் கை நடுங்குமே"ன்னாரு. அவங்க என்னத்தப் பெருசா சாப்பிடறாங்கன்னு நாந்தான் சொன்னேன். பத்து அஞ்சாச்சு. ஓரகத்தி அஞ்சுக்குள்ளயும் மூணு எடுத்தா, கை அப்படி. மாமியாரு கரண்டியைத் தூக்கறதுக்குள்ள பாத்திரம் நகந்துடும். ஒரு வாரம் வெறுஞ்சோத்தைத் தின்னுட்டு எந்திரிச்சிருக்காங்க. நான் பாக்கலைங்க... நான் ஓரகத்தி கையையே பாத்துக்கிட்டிருந்தேன்.

பாத்தது அவதான். தன் தட்டுத் துண்டை எடுத்து அத்தை தட்டுல வச்சா. அந்த வாரமே தனிவீடு பாத்து, அவங்களையும் கூட்டிட்டுப் போயிட்டா. இவரு இப்ப ஃபேக்டரி கேன்டீன்லயே சாப்பிட்டுக்கறாரு.

நிறுத்திட வேண்டியதுதானேன்னு பாக்குறீங்க. நிறுத்திப் பாத்தேங்க. பாத்திரம் என் முன்னாடியே நிக்குது... ஒரு வாய் எறங்கல. அதான், நாலு காலி நாற்காலி முன்னாடியும் நின்னுட்டு வரட்டும்னு ஓடவிடறேன்.