சதுப்புக்கு ஏற்ற பச்சை

பொம்மைச் சிப்பாய்களில் எல்லாரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் காலடியைப் பார்ப்பேன். ஓர் அங்குல உயரச் சிப்பாய் நிற்கிற வட்டப் பீடம், நாங்கள் 'பேஸ்' என்பது, ஒரு நாணயத்தின் அகலம்தான். ஆனால் அவன் எந்த ஊரில், எந்தப் பருவத்தில் நிற்கிறான் என்பதை அதுதான் சொல்லும். மணல் ஒட்டினால் பாலைவனம். வெள்ளைத் தூள் தூவினால் பனிக்காலம். வெறும் கறுப்பு பிளாஸ்டிக்கில் நிற்பவன் எங்கேயும் இல்லை, கடை அலமாரியில்தான் இருக்கிறான்.

இதை நாட்டிங்ஹாமில் ஒருவருக்கு விளக்க வேண்டியிருப்பதே வேடிக்கை, இன்ஸ்பெக்டர் அம்மா. இங்கே தெருவுக்கு ஒருவராவது மேசைமேல் படை நடத்துகிறவர் இருப்பார்.

டெர்மட்டும் நானும் ஒரே படையை வைத்திருந்தோம். பாதி அவன் வீட்டில், பாதி என் வீட்டில். வியாழக்கிழமைகளில் பீஸ்டன் மதுக்கடை மாடியில் இரண்டு பெட்டிகளையும் திறந்து ஒன்றாக நிறுத்துவோம். எது யார் தீட்டியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே பழுப்புச் சேற்றில் நின்றதுதான் காரணம். அந்தச் சேறு நான் கலந்தது. ட்ரெண்ட் ஆற்றங்கரை மண்ணை அடுப்பில் சுட்டுச் சலித்து எடுத்தது. பள்ளி முடித்த வருடம் தொடங்கியது அது. என் கல்யாணம் அதில் பாதிக் காலம்கூட ஓடவில்லை.

போன இலையுதிர்காலத்தில் டெர்மட் ஒரு செய்தியோடு வந்தான். மேன்ஸ்ஃபீல்டு ஊர் ஆட்டக் குழுவினர் தேசியப் போட்டிக்கு அவனைத் தங்கள் அணியில் கூப்பிட்டிருந்தார்கள். அவன் பாதி அவர்கள் படையோடு சேரும். ஒரு படை என்றால் பீடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அது போட்டி விதி. அதனால் சிப்பாய்களைக் கணுக்காலில் வெட்டி எங்கள் சேற்றிலிருந்து பிரிக்கப் போகிறான்.

"தப்பா எடுத்துக்காதடா ஆல்டன். நீயும் நானும் சேந்து ஒரு கப்பாவது வாங்கியிருக்கோமா?"

"உன்ன யாரு வேணாம்னா."

"மூஞ்சத் தூக்கி வச்சிக்காத. கட்டுன பொண்டாட்டிகூட என்னை இப்படி மொறைச்சதில்ல." பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னான். "பேஸ் போடறது மொத்தமும் என் பொறுப்புன்னு விட்டுட்டானுங்க. எது போடலாம்னு நீதான் சொல்லணும். இந்த விஷயத்துல உன் கண்ணு எவனுக்கும் வராது."

என்னை விட்டுப் போவதற்கு என்னிடமே வழி கேட்டான். நான் கோபப்படவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒவ்வொன்றாக யோசித்தேன். பாலைவனம் எளிது. மணலை ஒட்டி, காய்ந்த தூரிகையால் மேலாகத் தடவினால் முடிந்தது, முனை தேவையில்லை. அதைத் தள்ளினேன். பனிக்குத் தூரிகையே வேண்டாம், பசை பூசித் தூவினால் போதும். இடிந்த நகரம் என்றால் கார்க் துண்டும் செங்கல் பொடியும், எல்லாம் சாம்பல் நிறம். எரிமலைக் குழம்பு அவன் ஆட்களின் சிவப்பு அங்கிக்கு ஒட்டாது. மிஞ்சியது சதுப்பு. சதுப்புக்குப் பச்சை வேண்டும். நீர்த்த பச்சை, மெல்லிய கோடுகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக, பாசி விளிம்பிலும் நாணல் அடியிலும். அதற்கு ஊசிமுனைத் தூரிகை வேண்டும்.

முனையைக் கூராக்க டெர்மட் தூரிகையை உதட்டில் வைத்து உருட்டுவான். எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. கடை வண்ணங்களால் அவர்களுக்கு ஒன்றும் ஆனதில்லை. நான் வாயில் வைப்பதில்லை.

பச்சையையும் நானே கொடுத்தேன். லென்டனில் நான் இருக்கும் வீடு விக்டோரியா ராணி காலத்து லேஸ் துணி ஆலை முதலாளி ஒருவர் கட்டியது. மாடியறைச் சுவர்த்தாளை உரிக்க வந்தவர் முகமூடி இல்லாமல் உள்ளே நுழையவில்லை.

"இது சும்மா பச்சை இல்ல சார், பாஷாணம். வெறுங்கையால தொட்டுடாதீங்க," என்று சொல்லி மூட்டை கட்டினார். ஒரு மூட்டையை மறந்துவிட்டுப் போனார். நான் நினைவுபடுத்தவில்லை. அந்தத் தாளின் பச்சையைச் சுரண்டி வண்ணமாகக் குழைத்தேன். அப்படி ஒரு பச்சை இன்று எங்கும் கிடைக்காது. உங்கள் ஆதாரப் பைக்குள்ளும் அது அழகாகத்தான் இருக்கிறது.

டெர்மட் சொக்கிப் போனான். "எங்கடா புடிச்ச இத? பாசி அப்படியே நெளியுது."

"பழைய சரக்கு. தீந்தா கேளு."

கேட்டான். கொடுத்தேன்.

கிறிஸ்துமசுக்குப் பிறகு அவன் பியரைத் தொடவில்லை. உள்ளங்கைத் தோல் தடித்துப்போயிருந்தது. மனைவி ஹிலரி தொலைபேசியில் அழைத்தாள்.

"நீங்களாவது சொல்லுங்க ஆல்டன். டாக்டர் வயித்துப்புண்ணுங்கறாரு. தின்னது எதுவும் தங்கல. இவரு என்னடான்னா அந்தப் பொம்மைங்கள விட்டு எந்திரிக்க மாட்டேங்கறாரு."

"அதுதான் ஹிலரி அவன உட்கார வச்சிருக்கு. புடுங்கிடாதீங்க."

அவள் எனக்கு நன்றி சொன்னாள். நான் வாராவாரம் போய்ப் பார்த்தேன்.

மார்ச்சில் ஒரு நாள் படுக்கையில் சாய்ந்தபடி, மடியில் பலகை வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"மேன்ஸ்ஃபீல்டுக்கு வரலன்னு சொல்லிட்டேன்டா."

"ஏன்?"

"அவனுங்க பொம்மைய முடிச்சுக் குடுத்தாச்சு, அது போதும். ஒருத்தனும் பகடை உருட்டறப்போ கெட்ட வார்த்தை பேச மாட்டேங்கறான். சர்ச்சுல ஒக்காந்த மாதிரி இருக்கு. இத முடிச்சிட்டு உன் பாதிக்கும் இதே பேஸ் போட்டுத் தர்றேன். மறுபடி ஒரே படை. என்ன, இப்பவாச்சும் சிரிப்பியா?"

பலகையைப் பார்த்தேன். அவன் குதிரை வீரர்கள் மட்டும் பாக்கி. அவர்கள் காலடியில் இன்னும் வெறும் கார்க். பச்சை மினுங்கும் மற்றவர்கள் நடுவே வழி தவறி வந்தவர்கள் போல நின்றார்கள். அவன் தூரிகையை உதட்டில் உருட்டி எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னடா? ஏதோ சொல்ல வந்தியே."

அன்றைக்குச் சொல்லியிருந்தால்கூடப் பிழைத்திருப்பான் என்கிறீர்கள். நம்புகிறேன். அன்றும் அப்படித்தான் நினைத்தேன்.

"குதிரைக்காரனுங்களுக்குப் பச்சைய இன்னும் கொஞ்சம் ஏத்து," என்றேன்.

ஏற்றினான். ஈஸ்டருக்கு முன்பு எல்லாம் முடிந்தது.

ஆம், நான்தான். சுவர்த்தாள், பச்சை, சதுப்பு, மூன்றும் என் தேர்வு. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவன் கேட்ட உதவியைச் செய்தேன். கடைசிக் குதிரை காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரண்டு பேரில் பாதியில் விட்டுப் போனவன் அவன்தான்.