வெள்ளீயத்தில் முளைத்த முடி

ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் டிரைவர் வல்லரசின் ஆட்டோமேல் முதலில் ஒரு தார்ப்பாயைப் போடச் சொல்லுங்கள் சார். செங்கம் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, அந்த வண்டி நனையக்கூடாது. போட்டாயிற்று என்று ஏட்டையா வந்து சொன்னால்தான் எனக்கு எழுதக் கை ஓடும்.

நன்றி. போட்டுவிட்டார்.

என் பெயர் செழியன், வயது நாற்பத்தொன்று. ரமணாசிரமத்தைத் தாண்டி ரோட்டோரமாக பேட்டரி ஆட்டோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேனாம், ஏட்டையா முறைக்கிறார். மனசு துள்ளிக்கொண்டிருக்கும்போது முகத்தை மட்டும் எப்படித் தொங்கப்போடுவது?

நான் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். எங்கள் தொழிலில் எலக்ட்ரானிக் போர்டுகளில் இணைப்புகளைப் பற்றவைக்க ஈயம் கலந்த கம்பியைத்தான் எல்லோரும் பயன்படுத்துவார்கள். சீக்கிரம் உருகும், குலுங்கினாலும் லேசில் விரிசல் விடாது. ஆனால் பழைய போர்டுகளைக் குப்பையோடு கொளுத்துகிறோம். அந்த ஈயம் மண்ணில் இறங்கி, தண்ணீரில் கலந்து, குழந்தைகளின் ரத்தத்துக்குப் போகிறது. மூளையை மந்தமாக்குகிறது. இதைப் போனில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே சுத்தமான வெள்ளீயத்துக்கு மாறினேன். 'ஈயம் தொடாத கடை' என்று பச்சைப் பெயின்டில் பலகை எழுதி மாட்டினேன். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அதன் கீழே என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்த ஒரு மாதம் என் கால் தரையில் படவில்லை.

வெள்ளீயம் முரண்டு பிடிக்கும், சூடு ஜாஸ்தி கேட்கும். அதையும் பழகிக்கொண்டேன். தை மாதம் பன்னிரண்டு ஆட்டோக்களுக்கு ஆக்சிலேட்டர் கைப்பிடிக்குள் உட்காரும் சின்ன போர்டை நானே செய்து மாட்டினேன். டிரைவர் எவ்வளவு முறுக்குகிறார் என்பதை மோட்டாருக்குச் சொல்வது அந்தப் போர்டுதான்.

ஆடியில் வல்லரசு வந்தான். கீழ்பென்னாத்தூர்க்காரன், கிரிவலப் பாதையில் வண்டி ஓட்டுகிறவன்.

"அண்ணே, வண்டி தானா துள்ளுதுண்ணே. நான் முறுக்கவே இல்ல, முன்னால பாயுது."

கைப்பிடியைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பற்றவைத்த இடத்தில் வெள்ளீயத்துக்கு முடி முளைத்திருந்தது. ஒரே ஒரு முடி, பூனை மீசையைவிட மெல்லிசு, வெள்ளி நிறம். சுத்த வெள்ளீயம் சில சமயம் இப்படித் தானாகவே முடி வளர்க்கும் என்று படித்திருந்தேன். துளி ஈயம் கலந்தால் பெரும்பாலும் முளைக்காது. வளர்ந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால், டிரைவர் முழுசாக முறுக்கிவிட்டார் என்று மோட்டார் நினைத்துக்கொள்ளும். வண்டி குலுங்கும்போது அது லேசாகத் தொட்டுத் தொட்டு விலகியிருக்கிறது. அதுதான் துள்ளல்.

பூதக்கண்ணாடியை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன். விதை இல்லை, தண்ணீர் இல்லை, என் கை வேலையில் ஒன்று தானாக முளைத்து நிற்கிறது. அப்போதே அதற்கு எழிலரசி என்று பெயர் வைத்துவிட்டேன்.

வல்லரசிடம் சொன்னேன்: "வண்டில ஒன்னும் இல்லப்பா. உன் கைதான் நடுங்குது. டீயக் கம்மி பண்ணு."

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஊர் முழுக்கப் பரவியிருக்கும். எல்லோரும் ஈயத்துக்கே திரும்பியிருப்பார்கள், பிள்ளைகள் கதி என்ன ஆவது? அதை நினைத்துத்தான் மறைத்தேன். வாராவாரம் கொண்டுவந்து காட்டு, காசு வேண்டாம் என்றும் சொன்னேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் ஊரிலிருந்து ஒரு பை வேர்க்கடலை கொண்டுவந்தான்.

அந்தக் கடலையைக் கொறித்துக்கொண்டே எழிலரசியைப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீண்டிருப்பாள். அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை ஓடாது. எதிர்க்கடை விமல்ராஜ், "இன்னா அண்ணே, பொண்ணு பாத்துட்டு வந்தாப்ல இளிக்கிறீங்க" என்று கிண்டல் பண்ணுவான். மைசூர்பாகு வாங்கி அவனுக்கும் கொடுத்தேன், காரணம் மட்டும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை வல்லரசு வந்தபோது பக்கத்துக் கம்பிக்கும் அவளுக்கும் இடையே காகிதம்கூட நுழையாது. இரண்டு நாளாகத் துள்ளல் ஜாஸ்தி என்றான். "ஆளுங்கள ஏத்தவே பயமா கீதுண்ணே, ரெண்டு நாள் வண்டிய இங்கயே உட்டுட்டுப் போவட்டா?"

ஊதினால் போதும் சார். என் வாய்க்கும் அவளுக்கும் நான்கு விரற்கடைதான். ஒரு மூச்சுக் காற்றில் ஒடிந்திருப்பாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கைப்பிடியை மெதுவாக மூடி, திருகி, அவன் தோளில் தட்டினேன்.

"தைரியமா ஓட்டுப்பா, ஒன்னும் ஆவாது."

ஞாயிற்றுக்கிழமை காலை அடி அண்ணாமலையில் அவன் வண்டி தானாகப் பாய்ந்தது. மோர் விற்றுக்கொண்டிருந்த சரசம்மா சுவருக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டி, அங்கேயே போய்விட்டார். அவரிடம் நானும் மோர் குடித்திருக்கிறேன். பெருங்காயம் தூக்கலாக இருக்கும். நல்ல மனுஷி.

வல்லரசு உங்களிடம் என்ன சொன்னான் என்று ஏட்டையா சொன்னார். "என் கைதான் சார் நடுங்கிடுச்சு. செழியன் அண்ணன் அப்பவே சொன்னாரு." அதைச் சொல்லிவிட்டு லாக்கப்பில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறானாம். அவன் கை நடுங்கவே இல்லை சார். தெரிந்தே அனுப்பியது நான். அவனை விட்டுவிடுங்கள். எழுதி முடித்ததும் கீழே கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கைப்பிடியை உங்கள் ஆட்கள் யாரும் தட்டவோ திருகவோ வேண்டாம். இத்தனை மோதலுக்கும் எழிலரசி நிற்கிறாளா என்று நான் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

மீதிப் பதினொன்றைப் பற்றிக் கேட்டீர்கள். பத்தில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை, ஏமாற்றம்தான். நந்தினி ஓட்டும் வண்டியில் மட்டும் இரண்டு முளைத்திருக்கின்றன. போன வாரம் பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இன்று பௌர்ணமி, பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டு இந்நேரம் கிளம்பியிருப்பாள். ஆள் அனுப்பி நிறுத்தப்போகிறீர்கள் என்று தெரியும். பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள் சார். வண்டி சடக்கென்று நின்றால் இரண்டும் ஒடிந்துவிடும்.